கோபத்தோடு கிராம சபைக்கு வா

அன்புள்ள இளங்கோ,

உன் கடிதம் கிடைத்தது. தண்ணீர், லஞ்சம், வேலையின்மை என்று நாட்டின் குறைகளையெல்லாம் கொட்டித் தீர்த்திருக்கிறாய். நியாயமான கோபம். ஆனால், 'பேசி என்ன ஆகப்போகிறது' என்று முடித்திருக்கிறாயே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் வெட்டும் திட்டம் வந்தபோது, மலைமேல் மக்களுக்குள்ள உரிமையைக் கிராம சபைகள் ஆராயட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 ஊர்களில் சபை கூடியது. அங்கு வாழும் டோங்கிரியா கோந்த் பழங்குடி மக்கள் எழுந்து, அந்த மலை தங்கள் தெய்வம் என்று நீதிபதி முன்னிலையில் சொன்னார்கள். பன்னிரண்டு சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. மறு ஆண்டு மத்திய அரசு அனுமதி மறுத்தது.

அதே போன்ற கிராம சபை நம் ஊரிலும் உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதால் நீயும் அதில் உறுப்பினர்தான்.

ஏரி தூர்ந்து கிடப்பதைப் பற்றி எழுதியிருந்தாய். அதிலிருந்தே தொடங்கு. ஏரியின் புல எண்ணையும் பரப்பையும் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வை. தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனுப் போடு. 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அதைவிட முக்கியம், ஏரிக்குள் வீடு கட்டியிருப்பவர்களைச் சபையில் வைத்து முதன்முதலாகக் குற்றம் சொல்லாதே. முன்பே அவர்கள் வீட்டுக்குப் போ. உட்கார்ந்து கேள். போக்கிடம் இல்லாமல் வந்தவர்கள் யார், வளைத்துப் போட்டு விற்றவர்கள் யார் என்பது அப்போதுதான் தெரியும். இரு தரப்பையும் ஒரே வார்த்தையால் 'ஆக்கிரமிப்பாளர்' என்று திட்டினால், ஏழைகள் அந்த விற்றவர்கள் பின்னால் போய் நிற்பார்கள். ஏரி அப்படியே கிடக்கும். அந்த ஏழைகளுக்கு மாற்று மனை கேட்பதையும் நீ சபையில் கொண்டுவரும் தீர்மானத்தில் சேர்த்துக்கொள். அவர்களே அதை ஆதரித்துப் பேசக்கூடும்.

கைதட்டலுக்காகப் பேசாதே. சொன்னது தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று படித்துப் பார். எழுதாத தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதே.

வரும் அக்டோபர் 2 அன்று சபை கூடும். உன் அம்மாவையும் தெருப் பெண்களையும் அழைத்து வா. குடம் தூக்கி நடப்பவர்கள் அவர்கள்தான். முதலில் அவர்கள் பேசட்டும்.

அன்புடன்,
பெரியப்பா