நம்பிக்கைகளும் உண்மைகளும்: அட்டையை விடுங்கள், உண்ணியைப் பாருங்கள்

"டாக்டர், அட்டையைப் பிடுங்கினா அதோட பல் உள்ளேயே தங்கிடுமாமே?"

நாலு தூறல் விழுந்தால் போதும், நீலகிரி அடிவாரத்தில் கிளினிக் வைத்திருக்கும் என்னிடம் இந்தக் கேள்வி வந்துவிடும். கடைசியாகக் கேட்டவர் ஓர் இளைஞர். நண்பர்கள் ஐந்து பேராக முக்கூர்த்தி ஏரிப் பக்கம் ஒரு நாள் நடைக்குப் பதிவு செய்திருந்தார்கள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை எனக்கு வாசித்தே காட்டினார். அட்டையைப் பிடுங்கக் கூடாதாம், பல் தங்கி விஷம் ஏறுமாம், தீக்குச்சியால் சுட வேண்டுமாம், விட்டால் காது வழியாக மூளைக்கே போய்விடுமாம். மழைக்கோட்டு வாங்கியாயிற்றா, எத்தனை மணிக்குத் திரும்புவதாக உத்தேசம் என்று கேட்டேன். இரண்டுக்கும் பதில் இல்லை. கல்லுப்பு மட்டும் இரண்டு கிலோ வாங்கி வைத்திருந்தார்.

எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்! அட்டைக்கு விஷம் கிடையாது. அதன் வாயில் இருப்பவை மூன்று சின்னஞ்சிறு தாடைகள். அவை உடலோடு சேர்ந்த தசை. தேனீயின் கொடுக்கு மாதிரி கழன்று நம் தோலில் நிற்பவை அல்ல. முரட்டுத்தனமாக இழுத்தால் தோல் கொஞ்சம் கிழியும், அவ்வளவுதான். பல் தங்கிச் சீழ் பிடித்தது என்று சொல்லத்தக்க ஒரு கேஸை இருபது வருஷத்தில் நான் பார்த்ததில்லை. ஆனால் சுட்டுக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் லைட்டரால் சுட்டிருந்தார். அட்டை கடித்த இடம் கடுகளவு. உற்றுப் பார்த்தால் மூன்று முனை நட்சத்திரம் போல ஒரு கீறல் தெரியும். அதைச் சுற்றி அவரே உண்டாக்கிக்கொண்ட தீப்புண் ஒரு ரூபாய்க் காசளவு. நான் பத்து நாள் கட்டுப் போட்டது தீப்புண்ணுக்கு.

இரத்தம் நிற்காமல் கசிவதைப் பார்த்துத்தான் எல்லோரும் மிரள்கிறார்கள். அட்டையின் எச்சிலில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹிருடின் என்ற பொருள் இருக்கிறது. அட்டைச் சுரப்பில் இப்படி ஒன்று இருப்பதை ஹேக்ராஃப்ட் என்ற ஆங்கிலேயர் 1884-லேயே கண்டுபிடித்துவிட்டார். அதனால்தான் அட்டை விழுந்த பிறகும் சில மணி நேரம் சாக்ஸ் நனைந்துகொண்டே இருக்கிறது. பார்க்கப் பயங்கரமாக இருக்குமே தவிர, சோலைக்காட்டு அட்டை ஒன்று குடிப்பது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. இரத்ததான முகாமில் சிரித்துக்கொண்டே 350 மில்லி கொடுத்துவிட்டு, பிஸ்கட்டும் ஜூஸும் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் இங்கே வந்து அலறுகிறார்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் போவதற்கு முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடித்த அட்டையை எடுப்பது ஒரு வேலையே இல்லை. அதன் ஒல்லியான முனைதான் வாய். அங்கே விரல் நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்துத் தள்ளினால் பிடி விட்டுவிடும். பிறகு தடித்த முனையையும் அப்படியே நெம்பிச் சுண்டி எறியுங்கள். சோப்பால் கழுவி, துணியை வைத்து அழுத்திப் பிடித்தால் சரி. கடித்துக்கொண்டிருக்கும் அட்டையின்மேல் உப்பைக் கொட்டினாலோ சுட்டாலோ, அது தன் வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிட வாய்ப்பு உண்டு. அப்புறம் எதற்கு இரண்டு கிலோ உப்பு? நெருக்கமாக நெய்த, முழங்கால் வரை வரும் அட்டை சாக்ஸ் ஒரு ஜோடி வாங்கியிருக்கலாம்.

அட்டையைத் தூக்கி மெத்தையில் வைத்தாலும் அது செத்தையைத்தான் நாடும் என்று ஊரில் சொல்வார்கள். மனிதரைக் குத்திக்காட்டச் சொன்ன பழமொழி என்றாலும், சொன்னவருக்கு அட்டையைத் தெரிந்திருக்கிறது. ஈரச் செத்தைதான் அதன் வீடு. வயிறு நிரம்பினால் தானே உதிர்ந்து அங்கே போய்விடும். அதற்கு உங்கள் மூளை எதற்கு?

காது, மூக்குக் கதையில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஓடைத் தண்ணீரில் வாய் வைத்துக் குடித்தவர்களின் மூக்கிலும் தொண்டையிலும் நீர் அட்டை ஒட்டிக்கொண்டதுண்டு. அது வேறு ஜாதி. ஆக, தவறு அட்டையுடையது அல்ல, 'மூலிகைத் தண்ணீர்' என்று குனிந்து குடித்தவருடையது. வேர் பட்டு வந்தால் தண்ணீர் மருந்தாகிவிடாது. மேலே காட்டெருமையும் கடமானும் அதே ஓடையில்தான் நின்றிருக்கும். வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் ஆளுக்கு இரண்டு லிட்டர் கொண்டுபோங்கள்.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. 'இயற்கை ஏரி, ஓரத்தில் ஆழம் இருக்காது' என்பார்கள். ஊட்டி ஏரி 1820களில் சல்லிவன் வெட்டுவித்தது, கொடைக்கானல் ஏரி 1863-ல் லெவிஞ்ச் உண்டாக்கியது. முக்கூர்த்தியும் அவலாஞ்சியும் மின்சாரத்துக்காகக் கட்டிய அணைகள். அணையின் கரை சட்டென்று இறங்கும், அடியில் சேறு, தண்ணீரோ ஐஸ். கால் நனைக்கக்கூட இறங்காதீர்கள். 'பத்து கிலோமீட்டர்தானே, இரண்டு மணி நேரம்' என்பது அடுத்தது. நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் ஒரு கணக்குப் போட்டார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதுவும் நடந்து பழகியவருக்கு. உங்களுக்கு ஒன்றரை மடங்கு. மதியத்துக்குள் திரும்பத் தொடங்காவிட்டால் மூடுபனிதான் வழிகாட்டும். குளிருக்கு பிராந்தி என்பவர்களுக்கு: அது உடம்புச் சூட்டைத் தோல் வழியே வெளியே விடுமே ஒழிய, கூட்டாது. வனத்துறை அனுமதி வெறும் சம்பிரதாயம் என்பவர்களோ, 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்ததை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.

இனி நான் பயப்படுகிற ஆசாமிக்கு வருகிறேன். அரை மில்லிமீட்டர்கூட இராத உண்ணிக் குஞ்சு அது. புல்லிலும் புதரிலும் இருக்கும். ஏரியைப் பார்த்த ஆனந்தத்தில் புல்லில் மல்லாந்து படுத்து செல்ஃபி எடுக்கும்போது ஏறிக்கொள்ளும். கடிப்பது தெரியாது, இரத்தம் வராது, எனவே வாட்ஸ்அப்பிலும் வராது. ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. ஸ்க்ரப் டைபஸ், பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது. கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும், உயிரையும் எடுக்கும். காட்டில்தான் என்றில்லை, ஊர்ப் புதரிலும் வருகிறது.

போன குளிர்காலத்தில் மலைக்குப் போய்வந்த ஒரு பெண்ணை எட்டாம் நாள் காய்ச்சலோடு அழைத்துவந்தார்கள். மெடிக்கல் ஷாப்பில் இரண்டு ஊசி போட்டாயிற்று, மூன்று வகை மாத்திரை ஆயிற்று. இடுப்பில் பாவாடை நாடா அழுத்தும் இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்பாக ஒரு பொருக்கு. வலி இல்லாததால் அவரே பார்க்கவில்லை. எல்லோருக்கும் இந்தப் பொருக்கு வராது, ஆனால் தேடினால்தான் தெரியும். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே. வழக்கமாக எழுதித் தரும் அமாக்ஸிசிலின் வகையறா இதற்கு உதவாது. டாக்ஸிசைக்ளின் தொடங்கி இரண்டாம் நாளே அவருக்குக் காய்ச்சல் இறங்கியது. ஒரு மாத்திரை சில ரூபாய்தான்.

புல்லில் உட்காருவதென்றால் விரிப்பு போடுங்கள். வீடு திரும்பியதும் வெந்நீரில் சோப்புப் போட்டுக் குளித்து, போட்டிருந்த துணியைத் துவைக்கப் போடுங்கள். பிறகு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மெடிக்கல் ஷாப் ஊசிக்குக் கை நீட்டாதீர்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும், அவர் கேட்காவிட்டாலும், நீங்களே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: "காட்டுக்குப் போய் வந்தேன்."