இ.தொ.கா. என்று எழுதலாமா?

கேள்வி: தோட்டத் தொழிற்சங்கங்கள் பற்றிய என் ஆய்வறிக்கை 5,000 சொல்லைத் தாண்டக்கூடாது. பெயர்களைச் சுருக்கி எழுதலாமா?
– பல்கலைக்கழக மாணவி, டயகம

பதில்: தாராளமாக. ஆனால் முதலில் எண்ணிப் பாருங்கள். ‘இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்’ 40 இடத்தில் வந்தால் 120 சொல். முதல் இடத்தில் முழுப்பெயரோடு அடைப்புக்குறிக்குள் இ.தொ.கா. என்று சொல்லிவிட்டு, பிறகு சுருக்கத்தையே எழுதினால் 43. இரண்டே முறை வரும் பெயரைச் சுருக்குவதோ வீண் வேலை; சொல் அதிகம் மிஞ்சாது, வாசிப்பவர்தான் பக்கம் புரட்டுவார்.

ஒன்றில் கவனம். தொழிலாளர் தேசிய சங்கம் தொ.தே.ச. ஆகி, இலங்கை தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் இ.தே.தோ.தொ.ச. ஆகி, இரண்டும் ஒரே பத்தியில் நின்றால், தோட்டத்திலேயே பிறந்தவருக்கும் தலை சுற்றும். அங்கே ஒன்றையாவது முழுதாக எழுதுங்கள். ஊழியர் சேமலாப நிதியை எல்லோரும் ஈ.பி.எப். என்றுதான் சொல்கிறோம், அதுவே போதும், புதிதாக ‘ஊ.சே.நி.’ வேண்டாம். ‘தோட்டம்’, ‘கொழுந்து’ போன்றவற்றைச் சுருக்குவது வெறும் கஞ்சத்தனம்.

ஆய்வுச் சுருக்கம் தனியாகவும் வாசிக்கப்படும் என்பதால் அங்கே மறுபடி முழுப்பெயர் வேண்டும். புள்ளிக்குப் பின் இடைவெளியும் விடாதீர்கள்: ‘இ. தொ. கா.’ என்றால் கணினி மூன்று சொல்லாக எண்ணிவிடும்.