மூன்று விதை, ஐம்பது கிராம்

கேள்வி: ஜேர்மனியில் சட்டம் இடம் கொடுத்த பிறகு, பல்கணியில் கஞ்சா வளர்க்கலாம் என்று மூன்று ஆட்டோஃப்ளவர் விதைகள் வாங்கி வைத்திருக்கிறேன். மூன்றையும் ஒன்றாகப் போட்டால் எவ்வளவு கிடைக்கும்? எத்தனை போத்தல் தேவைப்படும்? வார இறுதியில் மட்டும் பாவிப்பவன் நான். வீட்டில் ஏழு வயது மகள் இருக்கிறாள்.
– வாசகர், டோர்ட்முண்ட்

பதில்: மூன்றையும் ஒன்றாகப் போடாதீர்கள். நீங்கள் செடியிலிருந்து கணக்குப் போடுகிறீர்கள். ஜேர்மனியில் சட்டம் சொல்லும் எடையிலிருந்து தொடங்க வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் வயது வந்த ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று செடி வளர்க்கலாம். ஆனால் வீட்டில் வைத்திருக்கக்கூடியது, காய்ந்த எடையில், 50 கிராம். அதைத் தாண்டினால் தண்டப்பணம். 60 கிராமையும் தாண்டினால் குற்ற வழக்கு. மிஞ்சியதை நண்பருக்குச் சும்மா கொடுக்கவும் தடை. அழிக்கத்தான் வேண்டும்.

இனி விளைச்சல். பத்து லீட்டர் சட்டியில், நல்ல வெயில் விழும் பல்கணியில், ஒரு ஆட்டோஃப்ளவர் செடி காய்ந்த எடையில் ஏறத்தாழ 20 முதல் 60 கிராம் வரை தரும். விதைப் பொதியில் அச்சிட்ட பெரிய எண்ணை நம்பிவிடாதீர்கள். அது சிறந்த விளக்குக்குக் கீழே சிறந்த கைகளில் கிடைப்பது. இடைவெளி இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மற்றக் கஞ்சாச் செடிகள் பகல் குறுகுவதைப் பார்த்துப் பூக்கும். இந்த இனம், ருடராலிஸ் என்ற வடதேசத்துக் காட்டுச் செடியின் இரத்தம் கலந்தது என்பதால், வயதைப் பார்த்துப் பூக்கும். முளைத்து மூன்று நான்கு வாரத்தில் பூக்கத் தொடங்கிவிடும். எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். இளம் வயதில் குளிரோ மிகையான தண்ணீரோ அதைத் தேக்கிவிட்டால், தேறி வளர அதற்கு நாள் இல்லை. குள்ளமாகவே பூத்து முடியும். மே நடுப்பகுதிக்கு முன் வெளியே வைக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

உங்கள் தேவையையும் பாருங்கள். வாரம் ஒரு கிராம் என்றாலும் ஆண்டுக்கு 52 கிராம்தான். அதாவது, நன்றாக வந்த ஒரே செடி கிட்டத்தட்ட ஓராண்டுக்குப் போதும். ஒன்றைப் போடுங்கள். அது மூன்று வாரத்தில் தேங்கி நின்றால் மட்டும் இரண்டாவதைப் போடுங்கள். மற்ற விதைகள் உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் அடுத்த ஆண்டுவரை தாங்கும்.

வெட்டியதும் நிறுத்துப் பாருங்கள். இலை களைந்த ஈரப் பூவில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்குதான் காய்ந்தபின் மிஞ்சும். 200 கிராம் ஈரப் பூ என்றால், கையில் வருவது 40 முதல் 50 கிராம். அளவு மீறுமா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

இருட்டான அறையில், 18–20 பாகை வெப்பத்தில், ஒன்று இரண்டு வாரம் தொங்கவிடுங்கள். சிறு காம்பு வளையாமல் முறிய வேண்டும். பிறகு காற்றுப் புகாத கண்ணாடிப் போத்தல். ஒரு லீட்டர் போத்தலில், மேலே கொஞ்சம் இடம் விட்டு, சுமார் 30 கிராம் பிடிக்கும். உங்களுக்கு இரண்டே போதும். முதல் இரண்டு வாரம் நாளுக்கு ஒருமுறை திறந்து மூடுங்கள். உள்ளே சின்ன ஈரப்பதமானி ஒன்றைப் போட்டால் ஊகம் வேண்டாம்: 58 முதல் 62 வீதம் சரி. 65 தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்த பூவில் நல்ல பகுதி என்று எதையும் பிரித்தெடுக்காதீர்கள், முழுதாக எறியுங்கள். வெளிச்சமும் சூடும் வீரியத்தைத் தின்னும்; ஓராண்டுக்கு மேல் சேமிக்கக் கணக்குப் போடுவதில் பயனில்லை.

மகள் விஷயம்தான் எனக்குப் பெரிது. மூடி இறுக்கமான போத்தல் பிள்ளைக்குப் பூட்டு ஆகாது. பூட்டிய அலுமாரியில் வையுங்கள், திறப்பு உங்களிடம் இருக்க வேண்டும். பிறர், குறிப்பாகப் பிள்ளைகள், எட்டாதபடி வைப்பது சட்டக் கடமையும்கூட. அது பல்கணிச் செடிக்கும் பொருந்தும். பல்கணிக் கதவு பூட்ட முடியாததென்றால், முதல் விதையைப் போடுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.