பாய்மரப் படகுப் பந்தயம்

வேலூரைப் பற்றி வேடிக்கையாக வழங்கும் உரை ஒன்று உண்டு. அங்குக் கோட்டை உண்டு, ஆனால் அரசன் இல்லை. ஆறு உண்டு, ஆனால் நீர் இல்லை என்று முதியோர் நகைத்துக் கூறுவர். பாலாறு அந்நகரை அடுத்துச் செல்கின்றது. ஆயினும் ஆண்டின் பெரும்பகுதியில் அதில் நாம் காண்பது மணற்பரப்பே. ஆற்றின் வழியே மேற்கே சென்றால் ஆம்பூரும் வாணியம்பாடியும், கிழக்கே சென்றால் இராணிப்பேட்டையும் உள்ளன. இவ்வூர்கள் தோல் தொழிலாற் பெயர் பெற்றவை. இங்குப் பதனிடப்பெறும் தோலும், தைக்கப்பெறும் காலணிகளும் கடல் கடந்து பல நாடுகளுக்குச் செல்கின்றன. ஆனால், கடலோ வேலூருக்கு நெடுந்தொலைவில் உள்ளது.

இத்தகைய உள்நாட்டு நகரில் 1999ஆம் ஆண்டிற் பிறந்த விஷ்ணு சரவணன் என்னும் இளைஞர், பாய்மரப் படகுப் பந்தயத்தில் இந்தியாவின் சார்பாக இருமுறை ஒலிம்பிக் களம் கண்டார். காற்றையன்றி வேறு துணையில்லாத அவ்விளையாட்டு எத்தகையது? அஃது ஆடுவோருக்குக் கற்பிக்கும் பாடம் யாது? இவற்றை இங்குக் காண்போம்.

பாய் விரித்துக் கலம் செலுத்துதல் தமிழர்க்குப் புதிய கலை அன்று. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை எனத் திசைதோறும் காற்றுக்குப் பெயர் சூட்டியவர் நம் முன்னோர். காற்றின் இயல்பறிந்து நாவாய் ஓட்டியவனின் வழித்தோன்றல் என்று கரிகாற் சோழனை வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றில் புகழ்கின்றார். கட்டுமரம் என்னும் நம் சொல் ஆங்கிலத்திற் புகுந்து, இன்று இரட்டை உடல் கொண்ட படகுகளின் பெயராக உலகெங்கும் வழங்குகின்றது. நீராவிக் கப்பலும் எண்ணெய்ப் பொறியும் வந்த பின்னர், வாணிகத்தில் பாயின் பணி பெரிதும் குறைந்தது. ஆயினும், விளையாட்டில் அது புத்துயிர் பெற்று விளங்குகின்றது.

சென்னைத் துறைமுகத்தில் இவ்விளையாட்டிற்கென 1911ஆம் ஆண்டில் ஒரு கழகம் தோன்றியது. இராயல் மதராஸ் யாட் கிளப் என்பது அதன் பெயர். அதனைத் தோற்றுவித்தவர், அக்காலத்தில் துறைமுகக் கழகத்தின் தலைவராய் இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவர். கணித மேதை இராமானுசன் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரிந்த நாளில் அவரை ஆதரித்த பெருந்தகையும் இவரே.

இத்தகைய கழகங்களில் விடுமுறை நாளன்று நண்பர்கள் கூடிப் பந்தயம் விடுவது வழக்கம். அதனைக் காண நுழைவுச் சீட்டு இல்லை. ஆரவாரிக்கும் கூட்டமும் இல்லை. காலையில் படகுகளைக் கரைக்குக் கொணர்ந்து, பாய்மரத்தை நாட்டி, கயிறுகளைச் சரிபார்த்து, மிதவை அங்கியை அணிந்து அனைவரும் காத்திருப்பர். கோடைக்காலத்தில் வெயில் ஏற ஏற நிலம் விரைந்து சூடேறுகின்றது; கடல் அத்துணை விரைவில் சூடேறுவதில்லை. நிலத்தின்மேல் உள்ள காற்று வெப்பத்தால் மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று புறப்படுகின்றது. அக்கடற்காற்று நீரின்மேல் சிற்றலைகளை எழுப்புங்கால், படகுகள் ஒவ்வொன்றாய் நீரில் இறங்கும்.

படகுகளுட் பல வகை உண்டு. ஆப்டிமிஸ்ட் என்பது சிறுவர்க்குரியது. அமெரிக்க நாட்டின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் 1947ஆம் ஆண்டில் அதனை வடிவமைத்தார். அதன் நீளம் 2.3 மீட்டர்; பதினைந்து வயது வரையுள்ளோர் அதில் பந்தயம் விடலாம். லேசர் என்பது ஒருவரே செலுத்தும் படகு; 4.2 மீட்டர் நீளமும் ஒரே பாயும் உடையது. அதற்கு இல்கா என்பது இன்றைய பெயர். ஒரு வகைப் படகுகள் யாவும் ஒரே அளவில் அமைந்தவை. ஆதலின், செல்வன் படகு, எளியவன் படகு என்னும் வேறுபாடு மிகுதியும் இல்லை. வெற்றியைத் தருவது செலுத்துவோன் திறனே.

காற்று வீசும் திசையில் படகு செல்லுதல் எளிது. காற்றை எதிர்த்துச் செல்வதெவ்வாறு? எந்தப் படகும் காற்றுக்கு நேர் எதிராகச் செல்ல இயலாது. ஆனால், காற்றுக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்வாகச் செல்ல இயலும். படகின் நடுவே நீருள் இறக்கப்பெற்ற பலகை ஒன்று, படகு பக்கவாட்டில் ஒதுங்காதவாறு தடுக்கின்றது. பாயின்மேற் படும் காற்று அதனை முன்னே செலுத்துகின்றது. எனவே, முதலில் வலப்பக்கம் சாய்ந்தும், பின்னர் இடப்பக்கம் சாய்ந்தும், மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறுவதுபோல் படகு காற்றை நோக்கி முன்னேறும். காற்று வலுக்குங்கால் படகு ஒருபுறம் சரியும். அப்போது செலுத்துவோன், படகினுள் உள்ள பட்டையில் பாதங்களைக் கோத்துக்கொண்டு, உடலை மறுபுறம் நீரின்மேல் நீட்டிச் சமன் செய்வான். ஒரு கை சுக்கானைப் பற்றும். மற்றொரு கை பாயின் கயிற்றைப் பற்றும். கண்ணோ அடுத்த காற்றலையைத் தேடும்.

பந்தயம் தொடங்குவதற்கு ஐந்து நிமிடங்களுக்கு முன் கொடி ஏற்றி ஒலி எழுப்புவர். நான்கு நிமிடம் இருக்கும்போதும், ஒரு நிமிடம் இருக்கும்போதும் மீண்டும் குறி காட்டுவர். ஓடும் வண்டியை நிறுத்துவதுபோல் படகை நிறுத்த இயலாது. ஆதலின், தொடக்கக் கோட்டின் பின்னே அங்குமிங்கும் திரிந்து, உரிய நொடியில் கோட்டைக் கடத்தல் வேண்டும். முந்திக் கடந்தவன் திரும்பி வந்து மீண்டும் தொடங்க வேண்டும். பின்னர், நீரில் நாட்டிய மிதவைகளை முறைப்படி சுற்றி வந்து, முடிவுக் கோட்டை அடைவர். முதலில் வந்தவனுக்கு ஒரு புள்ளி, அடுத்தவனுக்கு இரண்டு புள்ளி எனக் கணக்கிடுவர். பல பந்தயங்களின் முடிவில் குறைந்த புள்ளி பெற்றவனே வென்றவன்.

இனி, இவ்விளையாட்டின் தனிச்சிறப்பைக் காண்போம். பந்தாட்டத்தில் நடுவர் ஊதுகுழலுடன் உடன் ஓடுகின்றார். கழகப் பந்தயத்திலோ நீரின்மேல் நடுவர் இருப்பது அரிது. காற்றை வலப்பக்கத்தில் ஏற்று வரும் படகிற்கு, இடப்பக்கத்தில் ஏற்று வரும் படகு வழிவிட வேண்டும் என்பது விதி. வழிவிடாது குறுக்கிட்டவன், தானே விலகிச் சென்று, தன் படகை இரண்டு முழுச்சுற்றுச் சுற்றித் தண்டனையை ஏற்க வேண்டும். மிதவையைத் தொட்டவன் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அதற்குள் பின்னே வந்தோர் பலர் அவனை முந்திச் சென்றுவிடுவர். படகின் ஓரம் மிதவையை மெல்ல உரசியதை அவனையன்றி ஒருவரும் கண்டிலர் என்று கொள்வோம். கரையிலிருப்போர்க்கும் அது தெரியாது. முன்னே செல்லும் நண்பனும் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வேளையிலும் அவன் ஒரு சுற்றுச் சுற்றுவானாயின், அவனே உண்மையான விளையாட்டு வீரன். பார்ப்பார் இருக்கும்போது நேர்மையுடன் இருத்தல் எளிது. பார்ப்பார் இல்லாதபோதும் நேர்மை தவறாமை அரிது. அவ்வரிய பண்பிற்கு இவ்விளையாட்டு நாள்தோறும் பயிற்சி அளிக்கின்றது.

விதிகளுள் முதலாவதாய் நிற்பது இன்னும் உயர்ந்தது. இடருற்றார்க்கு இயன்ற உதவியை எல்லாப் படகினரும் செய்தல் வேண்டும் என்பதே அது. 1988ஆம் ஆண்டில் தென்கொரிய நாட்டின் பூசான் கடலில் ஒலிம்பிக் பந்தயம் நிகழ்ந்தது. செப்டம்பர் 24ஆம் நாள் காற்றும் அலையும் கடுமையாயின. கனடா நாட்டு வீரர் லாரன்ஸ் லெமியூ தம் பந்தயத்தில் இரண்டாம் இடத்தில் விரைந்துகொண்டிருந்தார். அப்போது, வேறொரு பந்தயத்தில் கலந்துகொண்ட சிங்கப்பூர் வீரர் இருவரின் படகு கவிழ்ந்திருக்கக் கண்டார். பதக்கத்தை மறந்து படகைத் திருப்பினார், இருவரையும் காத்தார், காவற்படகு வந்து அவர்களை ஏற்றிக்கொள்ளும் வரை காத்திருந்தார். பின்னர்ச் சென்று அவர் எய்தியது 22ஆம் இடம். நடுவர் குழுவினர் அப்பந்தயத்தில் அவருக்கு இரண்டாம் இடத்தையே வழங்கினர். எனினும், அனைத்துப் பந்தயங்களின் முடிவில் அவருக்குப் பதக்கம் கிட்டவில்லை. ஒலிம்பிக் குழு அவரது செயலைப் பாராட்டிச் சிறப்பு விருது அளித்தது. அவ்வாண்டில் பொற்பதக்கம் பெற்றோர் பெயரை மறந்தவரும் லெமியூவின் பெயரை நினைவிற் கொண்டுள்ளனர்.

இத்தகைய விளையாட்டில் தமிழ்நாட்டு இளைஞர் சிலர் புகழ் ஈட்டியுள்ளனர். சென்னையைச் சேர்ந்த கணபதியும் வருண் தக்கரும் 2018ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டில் வெண்கலப் பதக்கம் வென்றனர். சென்னை நங்கை நேத்ரா குமணன், பாய்மரப் பந்தயத்தில் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி ஆவார். விஷ்ணு சரவணனின் தந்தையார் படைவீரர். படகு செலுத்துவதிலும் வல்லவர். தந்தையின் வழியைப் பின்பற்றிய மைந்தர், தாமும் படையிற் சேர்ந்து பயின்றார். 2019ஆம் ஆண்டில் குரோவேசியாவில் நடந்த 21 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் வெண்கலம் பெற்றார். 2021ஆம் ஆண்டில் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் 20ஆம் இடமும், 2024ஆம் ஆண்டின் பாரிசு ஒலிம்பிக்கில் 18ஆம் இடமும் எய்தினார். இடையே, 2023ஆம் ஆண்டில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் வெண்கலப் பதக்கம் அவரை வந்தடைந்தது.

மாணவர்களே! பிறந்த ஊரில் கடல் இல்லை என்பது விஷ்ணுவின் முயற்சிக்குத் தடையாகவில்லை. வீசும் காற்று நம் ஆணைக்கு அடங்குவதன்று. ஆயினும், அதற்கேற்பப் பாயைத் திருப்பும் உரிமை நம் கையில் உள்ளது. பாய் விரிக்கும் வாய்ப்பு நம்மில் அனைவர்க்கும் கிட்டாது போகலாம். ஆனால், ஒருவரும் காணாத பிழைக்குத் தாமே தண்டனை ஏற்கும் நேர்மையும், இடருற்றாரைக் கண்டவிடத்து வெற்றியையும் துறக்கும் அருளும் தேர்வுக் கூடத்திலும் கடைத்தெருவிலும் தொழிற்சாலையிலும் வேண்டப்படுவன. அவற்றைப் பெற்றவர் எக்கரையில் வாழினும் வாழ்க்கைப் பந்தயத்தில் வென்றவரே ஆவர்.

வினாக்கள்

1. கோடைக்காலத்தில் கடற்காற்று எழுவதற்குக் காரணம் யாது?
2. படகு காற்றை எதிர்நோக்கி முன்னேறும் முறையை விளக்குக.
3. லெமியூவின் செயலை உம் சொந்த நடையில் எழுதுக.
4. ‘பார்ப்பார் இல்லாதபோதும் நேர்மை தவறாமை அரிது.’ இக்கருத்தைப் பள்ளி வாழ்க்கையோடு பொருத்திக் காட்டுக.