புல்வெட்டி பனி தள்ளுமா?

கேள்வி: உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டியில் பனி தள்ளும் தகட்டைப் பொருத்தலாமா?

பதில்: தாராளமாக. ஜான் டியர் நிறுவனம் தன் சிறு வண்டிகளுக்கென்றே 46 அங்குலத் தகட்டை விற்கிறது. வண்டியின் மாடலுக்கு உரிய தாங்குசட்டத்தோடு வாங்க வேண்டும். சில மாடல்களில் அடியிலுள்ள வெட்டுப்பெட்டியைக் கழற்றினால்தான் அது பொருந்தும்.

உண்மையான சிக்கல் பிடிமானம். புல்தரை டயர் பனியில் வழுக்கிச் சுழலும். பின்சக்கரங்களுக்குச் சங்கிலியும் கூடுதல் எடையும் அவசியம். கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் வீட்டுக்காரர்கள் பலர் இவையின்றி இறங்குவதில்லை.

தரையில் துருத்தும் கல்லில் மோதினால், தகட்டின் பின்னுள்ள சுருள்வில் அதை மடங்கவிட்டு வண்டியைக் காக்கும். சரளைப் பாதையில் தகட்டைத் தாங்கும் அடிக்காலணிகளைச் சரிசெய்து, அதைச் சற்று உயர்த்தி ஓட்டுவது நல்லது.

முதல் பனியையே பாதையோரத்துக்கு அப்பால் வெகுதூரம் தள்ளிவிட வேண்டும். ஓரத்தில் குவிந்தது உறைந்து இறுகினால், அடுத்த பனிக்கு இடமிருக்காது. ஈரப்பனி கனமானது, பொழியப் பொழியவே தள்ளினால் சிறிய வண்டியும் தாங்கும்.