ரிப்பீட்டர் நிலையமும் டூப்ளெக்ஸரும்

ஒருவன் தன் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருக்கும் பொழுதே, அடுத்த ஊரில் மற்றொருவர் மெல்லப் பேசும் சொல்லைக் கேட்க வல்லனோ? இயலாது என்பது வெளிப்படை. ஆயினும், அமெச்சூர் வானொலி அன்பர்கள் குன்றின் உச்சியில் நிறுவும் ரிப்பீட்டர் நிலையம் இரவும் பகலும் இயற்றும் தொழில் இதுவேயாகும். அஃது எங்ஙனம் கைகூடுகின்றது என்பதையும், கைகூடாதபோது பிழையை எவ்வாறு தேடல் வேண்டும் என்பதையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

கையிலேந்தும் சிறு கருவியின் ஆற்றல் பெரும்பாலும் 5 வாட்டுக்கு மேற்படாது. கட்டிடமும் மேடும் குறுக்கிட்டால் அதன் குரல் சில மைல்களில் தேய்ந்துபோம். ஆதலின் உயர்ந்த இடத்தில் ஒரு நிலையம் அமைத்து, அக்குரலை ஓர் அதிர்வெண்ணில் ஏற்று, அக்கணமே வேறோர் அதிர்வெண்ணில் பெருக்கிப் பரப்புவர். இந்தியாவில் அமெச்சூர்களுக்குரிய 2 மீட்டர் அலைப் பகுதி 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ளது. இப்பகுதியில் கேட்கும் அதிர்வெண்ணுக்கும் பேசும் அதிர்வெண்ணுக்கும் இடையே 600 கிலோஹெர்ட்ஸ் விடுதல் வழக்கம். உதாரணமாக, 145.000 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 145.600 மெகாஹெர்ட்ஸில் பேசும் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். இவ்விடைவெளி நூற்றில் அரைப் பங்குகூட இல்லை என்பதை மாணவர் கவனிப்பாராக.

இனி, இரு பக்கத்து ஆற்றல்களையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். பரப்புங் கருவி 50 வாட் வெளியிடுவதாகக் கொள்வோம். நல்ல ஏற்குங் கருவியோ 0.2 மைக்ரோவோல்ட் அளவுள்ள அலையையும் அறிய வல்லது. 50 ஓம் தடையில் கணக்கிட்டால், முன்னது பின்னதனினும் ஏறத்தாழ 625 கோடி கோடி மடங்கு பெரிது. டெசிபலிற் கூறின் 168. இவ்விரண்டும் ஒரே ஏரியலிற் குடியிருத்தல் வேண்டும். இவற்றிடையே நின்று காவல்புரியும் சாதனமே டூப்ளெக்ஸர்.

அது தடுக்கவேண்டிய தீங்குகள் இரண்டு. முதலாவது, பரப்புங் கருவியின் பேரலை ஏற்குங் கருவியுட் புகுந்து அதனைத் திணறச் செய்தல். இரண்டாவது, பரப்புங் கருவி தன் அதிர்வெண்ணில் மட்டுமன்றி அதன் இரு மருங்கிலும் மெல்லிய இரைச்சலையும் சிந்துதல். அவ்விரைச்சலில் ஒரு பகுதி சரியாக 145.000 மெகாஹெர்ட்ஸிலேயே விழுகின்றது. நாம் கேட்க விரும்பும் குரலும் அவ்விடத்ததே ஆகையால், ஏற்குங் கருவியின் வாயிலில் எத்தனை வடிகட்டி வைப்பினும் இவ்விரைச்சலைப் பிரித்தல் இயலாது. பரப்புங் கருவியின் வாயிலிலேயே அதனை நிறுத்தல் வேண்டும். டூப்ளெக்ஸருக்கு இரு கைகள் அமைந்ததன் காரணம் இதுவே.

ஒவ்வொரு கையிலும் பெரும்பாலும் மூன்றாக, கேவிட்டி எனப்படும் ஆறு உலோகக் கலங்கள் உள. கலத்தின் நடுவே நிற்கும் தண்டு கால் அலைநீளத்தை ஒட்டியது. 145 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 52 சென்டிமீட்டர். தண்டை உள்ளே நீட்டினால் அதிர்வெண் குறையும். வெளியே இழுத்தால் உயரும். பரப்பும் பக்கத்துக் கலம் 145.600-ஐ விடுத்து 145.000-ஐத் தடுக்கும், ஏற்கும் பக்கத்துக் கலம் இதற்கு நேர்மாறு. மூன்று கலங்களும் சேர்ந்து 80 டெசிபலுக்கு மேல் தடுத்தல் வேண்டும். இக்காவலுக்குரிய கூலியாகச் சுமார் 1.5 டெசிபல் இழக்கின்றோம்; அஃதாவது 50 வாட்டில் 35 வாட்டே ஏரியலைச் சேரும்.

டூப்ளெக்ஸரைச் சுருதி கூட்டும் முறை வருமாறு. பரப்புங் கருவியை இயக்கிக்கொண்டே திருகுதல் தகாது. கலம் பிசகி நின்றால் ஆற்றல் திரும்பிவந்து கருவியைக் கெடுக்கும். அன்றியும் தடுப்பின் ஆழத்தை அவ்வழியிற் காணவும் முடியாது. சிறு அலைகளை எழுப்பும் சிக்னல் ஜெனரேட்டரும் அளக்குங் கருவியுமே வேண்டும். பயன்படாத வாயிலில் 50 ஓம் தடையை மாட்டுக. பின்னர்ப் பரப்பும் வாயிலில் 145.600-ஐ ஊட்டி, ஏரியல் வாயிலில் இழப்பு மிகக் குறையுமாறு தண்டுகளைச் சரிசெய்க. அடுத்து 145.000-ஐ ஊட்டி, அது மிகத் தேயுமாறு தடுப்புத் திருகைச் சரிசெய்க. தண்டை அசைத்தால் தடுப்பும் இடம் பெயரும். ஆதலின் விடுதல் முன்னும் தடுத்தல் பின்னுமாக இருமுறை மும்முறை செய்தல் நலம். ஏற்கும் பக்கத்திற்கும் இம்முறையே, அதிர்வெண்களை மாற்றிக்கொள்க. பூட்டு மறையை இறுக்கும்போதும் அளவு நழுவுமாதலால் அப்பொழுதும் கண் முள்ளின்மேலேயே இருக்கட்டும்.

இந்நாளில் மலிவாகக் கிடைக்கும் நானோ வி.என்.ஏ. என்னும் கையடக்கக் கருவி இப்பணிக்குப் பெரிதும் உதவும். எனினும் அதன் பார்வை ஏறத்தாழ 70 டெசிபலில் மங்கிவிடும். முழுக் கையின் தடுப்பையும் அதனால் அளக்க முயல்வோர், கருவியின் எல்லையை டூப்ளெக்ஸரின் எல்லையாக மயங்குவர். கலங்களைத் தனித்தனியே அளந்து கூட்டும் வேலைக்கே அது தக்கது.

கருவி செவ்வனே அமைந்த பின்னும் ரிப்பீட்டரின் செவி மந்தமாவதுண்டு. அப்போது கலங்களை உடனே திருகத் தொடங்குதல் பெரும் பிழை. முதலிற் பிணியை நாடல் வேண்டும். ஏற்குங் கருவிக்கு மெல்லிய அலையொன்றை ஊட்டி, பரப்புங் கருவியை நிறுத்தியும் இயக்கியும் கேட்க. இரு நிலையிலும் மந்தமாயின் குற்றம் ஏற்குங் கருவியிலோ அதன் வழியிலோ உளது. இயக்கும்போது மட்டும் மந்தமாயின், ஏரியலை நீக்கி டம்மி லோடு மாட்டிப் பார்க்க. தொல்லை மறைந்தால் டூப்ளெக்ஸர் குற்றமற்றது. துருவேறிய இணைப்பையோ, நீர் புகுந்த கேபிளையோ, பழுதுற்ற இடிதாங்கிச் சாதனத்தையோ தேடுக. காற்றடிக்கும்போது படபடவென்ற ஒலி மிகுமாயின் அதுவும் இதற்கே சான்று.

தொல்லை நீடித்தால் கலங்களை இணைக்கும் கேபிள்களை நோக்குக. ஒற்றை வலைக் கேபிள் அலையைக் கசியவிடும். இரட்டை வலையுள்ளதே ஏற்றது. அதன்பின் மிகையான கலமொன்றை ஏற்கும் பக்கம் சேர்த்துக் குணம் கண்டால் பேரலையின் திணறல் என்றும், பரப்பும் பக்கம் சேர்த்துக் குணம் கண்டால் இரைச்சல் என்றும் துணியலாம். நண்பகலில் மட்டும் நோய் தோன்றினால் வெப்பமே காரணமாகலாம். செம்பு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 17 பங்கு நீளும். 30 டிகிரி ஏறினால் 145 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 74 கிலோஹெர்ட்ஸ் நழுவும். இதனைத் தவிர்க்கவே தண்டை நிலைநிறுத்த இன்வார் என்னும் உலோகக் கலவையை வழங்குவர். அதனை 1896-இல் கண்ட கியோம் என்னும் அறிஞர் 1920-இல் பௌதிகத்திற்குரிய நோபல் பரிசு பெற்றார்.

சில டெசிபலுக்காக இத்துணைப் பாடு எதற்கு என வினவலாம். தடையற்ற வெளியில் 6 டெசிபல் குறைந்தால் எட்டும் தூரம் பாதியாகும்; பாதித் தூரத்திற்கு அப்பாலுள்ளோர் குரல் நமக்கு இல்லையாகும். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது போர்ட் பிளேயரிலிருந்து அமெச்சூர்களே குற்றலை வாயிலாகச் செய்தி அனுப்பினர். அத்தகைய நாளில் அருகிலுள்ள ஊர்களை இணைக்க ரிப்பீட்டர் தேவைப்படும். அன்று அழைப்பவன் கையில் இருப்பது வலுக்குன்றிய பாட்டரியும் குட்டை ஏரியலுமே. பெருங்குரலுள்ளோரைக் கேட்க எந்த நிலையமும் போதும். நலிந்த குரலைக் கேட்கவே டூப்ளெக்ஸரைச் சுருதி கூட்டுகின்றோம். ஆதலால் ஒவ்வொரு முறையும் கண்ட இழப்பையும் தடுப்பையும், நாளையும் வெப்பநிலையையும் ஏட்டிற் குறித்து வைக்குமாறு இத்துறையிற் புகும் மாணவ நண்பர்களை வேண்டுகின்றோம். பின்வருவோர்க்கு அவ்வேடு எந்தக் கருவியினும் மிக்க துணையாகும்.