கெர்னல் அமைவுக் கோப்பு எழுதும் முறை

கணினியில் எழுதுவோரும் படிப்போரும் கணக்கிடுவோரும் இக்காலத்துப் பலர். அவர் விசையை அழுத்துந்தோறும் திரையில் எழுத்துத் தோன்றுதற்கு ஏதுவாய், ஒருவர் கண்ணுக்கும் புலனாகாது அடியில் நின்று தொழில் செய்வதொன்று உண்டு. அதனைக் கெர்னல் என்பர். கெர்னல் என்னும் ஆங்கிலச் சொல் கொட்டையினுள் இருக்கும் பருப்பைக் குறிக்கும். இயங்குதளத்தின் உள்ளீடாய் அமைந்தமையின் இஃது அப்பெயர் பெற்றது. நினைவகத்தைப் பகுத்தளித்தல், செயலியின் நேரத்தை முறைவைத்து வழங்குதல், வட்டு, வலையட்டை, விசைப்பலகை முதலிய கருவிகளை இயக்குதல் ஆகியன இதன் தொழில்களாம்.

இக்கெர்னலை மூல நிரலினின்று கட்டுங்கால், எவ்வெவற்றைச் சேர்த்தல் வேண்டும், எவ்வெவற்றை விடுத்தல் வேண்டும் என்று கட்டளையிடும் சிறு கோப்பு ஒன்று வேண்டப்படும். அதுவே அமைவுக் கோப்பு. அதனை எழுதும் முறையை, ஃபிரீ பி.எஸ்.டி. என்னும் இயங்குதளத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். நிரல் எழுதக் கல்லாதாரும் இதனை அறிந்துகொள்ளலாம். என்னை? இக்கோப்பில் 'இது வேண்டும்', 'இது வேண்டா' என்னும் கூற்றுக்களன்றிப் பிற பெரும்பாலும் இல. கோப்பில் வரும் சொற்கள் ஆங்கில எழுத்தால் எழுதப்படுவன. ஒலிப்பு நோக்கி அவற்றைத் தமிழெழுத்தாற் குறிக்கின்றேன்.

1. வரலாறு

அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி நிலையத்தார் யூனிக்ஸ் இயங்குதளத்தைத் திருத்தியும் விரித்தும் பி.எஸ்.டி. என்னும் பெயரால் வெளியிட்டு வந்தனர். அமைவுக் கோப்பைப் படித்துக் கட்டுமானத்திற்கு வழிவகுக்கும் கான்ஃபிக் என்னும் கருவி அவர்தம் 4.1 பி.எஸ்.டி.யில் தோன்றிற்று. 4.2 பி.எஸ்.டி. 1983-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் கெர்னலைக் கான்ஃபிக் கொண்டு கட்டும் முறையைச் சாமுவேல் லெஃப்லர் என்பார் ஒரு தனிக் கட்டுரையாக வரைந்தார்.

அப்பதிப்புகள் வாக்ஸ் என்னும் கணினிகளில் இயங்கின. அந்நாளில் நினைவகம் அரிய பொருள். ஆதலின் வேண்டாதது ஒன்றும் கெர்னலிற் புகுதல் ஆகாது. அன்றியும், 'இன்ன வட்டு இன்ன கட்டுப்படுத்தியிற் பொருந்தியுள்ளது. அக்கட்டுப்படுத்தியின் முகவரி இவ்வெண்' என்று கோப்பில் ஒவ்வொன்றாய் எழுதுதல் வேண்டும். மாக்ஸ்யூசர்ஸ் என்றோர் எண்ணும் வேண்டப்பட்டது. ஒருங்கே எத்துணைப் பேர் கணினியைக் கையாள்வர் என மதித்து அவ்வெண்ணை எழுதினால், கெர்னல் தன் அட்டவணைகளின் அளவை அதனினின்று கணித்துக்கொள்ளும்.

அம்மரபில் வந்ததே ஃபிரீ பி.எஸ்.டி. அதன் 1.0 பதிப்பு 1993-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வெளிவந்தது. இந்நாளில் பி.சி.ஐ. இணைப்பிற் பொருந்திய கருவி, தன்னை ஆக்கிய நிறுவனத்தின் எண்ணையும் தன் வகையெண்ணையும் தானே தெரிவிக்கும். அட்டவணைகளின் அளவும் நினைவகத்திற்கேற்பத் தானே அமையும். எனவே, அன்று கணினியின் வரைபடமாய் இருந்த கோப்பு இன்று தேர்வுப் பட்டியலாய் மாறிற்று. முகவரி எழுதும் தொல்லை ஒழிந்தது. எது வேண்டும், எது வேண்டா என்று துணியும் பொறுப்பு ஒழிந்திலது.

2. கோப்பின் உறுப்புகள்

அமைவுக் கோப்பின் ஒவ்வோர் அடியும் ஒரு தலைச்சொல்லோடு தொடங்கும். அவற்றுள் இன்றியமையாதன வருமாறு:

ஐடென்ட் என்பது கட்டப்படும் கெர்னலுக்கு இடும் பெயர்.

சி.பி.யு. என்பது செயலியின் வகை. இக்காலத்து 64 பிட் கணினிகளுள் பலவற்றிற்கு இவ்விடத்து ஹாமர் என்று எழுதுவர். ஏ.எம்.டி. நிறுவனத்தார் அவ்வகைச் செயலியை உருவாக்கிய காலத்து அதற்கு வழங்கிய பெயர் அது. இன்டெல் நிறுவனத்தாரின் 64 பிட் செயலிக்கும் அப்பெயரே எழுதப்படும்.

ஆப்ஷன்ஸ் என்பது கெர்னலுக்கு வேண்டும் தன்மை. இன்டர்நெட் நெறிமுறைக்கு ஐநெட் என்றும், வட்டிற் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் முறைகளுள் ஒன்றற்கு எஃப்.எஃப்.எஸ். என்றும் எழுதப்படுவன இதன்பாற்படும். சில தன்மைகளுக்கு மதிப்பெண்ணும் உடன் எழுதப்படும்.

டிவைஸ் என்பது கருவி. ஒரு கருவியை இயக்கும் டிரைவரைக் கெர்னலினுள் சேர்க்க இச்சொல் வரும்.

மேக்ஆப்ஷன்ஸ் என்பது கட்டுமானப் பணிக்கே உரிய கட்டளை.

இவையன்றி, # என்னும் குறிக்குப் பின் எழுதப்படுவதைக் கான்ஃபிக் படியாது. அது மக்கள் படித்தற்குரிய குறிப்புரை. சூத்திரத்திற்கு உரை எத்துணை வேண்டுமோ அத்துணை இக்கோப்பிற்கு இக்குறிப்புரையும் வேண்டும். எழுதத்தக்க தலைச்சொற்களையும் தன்மைகளையும் விளக்கத்தோடு தொகுத்துவைத்த கோப்பு ஒன்றும் மூல நிரலுடன் வரும். நோட்ஸ் என்னும் பெயருடைய அது, நமக்கு நிகண்டு உதவுமாறு போல எழுதுவார்க்கு உதவும்.

3. பொது விதியும் சிறப்பு விதியும்

ஃபிரீ பி.எஸ்.டி.யை ஆக்குவோர், பெரும்பான்மைக் கணினிகளில் இயங்குமாறு ஒரு கோப்பை எழுதி வைத்துள்ளனர். அதன் பெயர் ஜெனரிக். பலவகை வட்டுக் கட்டுப்படுத்திகளுக்கும் வலையட்டைகளுக்கும் உரிய டிரைவர்கள் அதில் உள. ஒரு கணினியில் அவற்றுள் மிகச் சிலவே பயன்படும்.

இதனைத் தம் கணினிக்கேற்பத் திருத்த விரும்புவோர் ஜெனரிக் கோப்பை முழுதும் படியெடுத்து, வேண்டாத அடிகளை அடித்துவிடுதல் ஒரு முறை. அம்முறையில் ஒரு குற்றம் உண்டு. அடுத்த பதிப்பில் ஆக்குவோர் ஜெனரிக்கைத் திருத்துவராயின், அத்திருத்தம் நம் படியிற் புகாது. ஆண்டு செல்லச் செல்ல மூலமும் படியும் ஒன்றுக்கொன்று அயலாய்விடும்.

இதனினும் சிறந்த முறை நம் இலக்கணிகளின் முறையை ஒத்தது. பொது விதியை ஓரிடத்துக் கூறி, அதற்கு மாறுபடுவனவற்றை மட்டும் சிறப்பு விதியாய்ப் பிறிதோரிடத்துக் கூறுதல் அவர் வழக்கு. அதுபோல, கோப்பின் முதலடியில் 'இன்க்ளூட் ஜெனரிக்' என்று எழுதினால் பொது விதி முழுதும் தழுவப்படும். பின்னர்ப் பெயரை மாற்ற 'ஐடென்ட்' என்னும் ஓரடி வரும். வேண்டாத தன்மைகளை 'நோஆப்ஷன்ஸ்' என்னும் சொல்லாலும், வேண்டாத கருவிகளை 'நோடிவைஸ்' என்னும் சொல்லாலும் விலக்கலாம். இங்ஙனம் எழுதிய கோப்பு நூற்றுக்கணக்கான அடிகளுக்கு மாறாகப் பத்துப் பதினைந்து அடிகளில் முடியும். மேலும், எழுதினோன் எதனை மாற்றினான் என்பது படிப்போர்க்கு ஒரு நோக்கிற் புலப்படும்.

4. சார்பு அறிதல்

ஒலிபெருக்கி இல்லாததும், நூலகத்து அட்டவணையை வலைவழி வழங்குதற்கு வைத்ததுமான கணினி ஒன்றைக் கொள்வோம். அதற்கு ஒலி வேண்டா என்று கருதி 'நோடிவைஸ் சவுண்ட்' என்று ஓரடி எழுதினால் அமையுமோ எனின், அமையாது. ஃபிரீ பி.எஸ்.டி. 14-ஆம் பதிப்பின் ஜெனரிக் கோப்பில் சவுண்ட் என்பது தலைமை டிரைவர். அதன்கீழ் ஒவ்வோர் ஒலியட்டைக்கும் தனித்தனி டிரைவர் உண்டு. தலைமையை நீக்கிச் சார்ந்தவற்றை நிறுத்தினால், அவை தமக்கு வேண்டும் பகுதிகளைக் காணாமையின் கட்டுமானம் இடையிலே நின்றுபோம். சார்ந்தவை எல்லாவற்றையும் நீக்கிய பின்னரே தலைமையை நீக்குதல் முறை.

இதனினும் நுண்ணியது மற்றொன்று. ஸ்கஸி என்பது பழைய வட்டு இணைப்பு வகை. தன் கணினியில் ஸ்கஸி வட்டு இல்லை என்று கண்ட ஒருவன், அதற்குரிய எஸ்.சி.பஸ், டி.ஏ. என்னும் இரண்டும் வீண் என்று எண்ணுதல் இயல்பு. ஆனால் யூ.எஸ்.பி. வழியாகச் செருகும் சிறு நினைவுக்கோலை இயக்கும் யூமாஸ் என்னும் டிரைவர் அவ்விரண்டையும் சார்ந்தே நிற்கின்றது. ஜெனரிக் கோப்பில் யூமாஸ் என்னும் அடியின் பக்கத்திலேயே இதனைக் குறிப்புரை கூறும். அவ்வாறே, வலையட்டைகள் பலவற்றிற்கு எம்.ஐ.ஐ.பஸ் என்னும் அடி வேண்டும் என்பதும் அங்கு எழுதப்பட்டுள்ளது. குறிப்புரையைப் படியாது அடிகளை நீக்குவோன் இடர்ப்படுவான்.

லினக்ஸ் கெர்னலுக்கு வழங்கும் கேகான்ஃபிக் என்னும் மொழியில் ஒன்று மற்றொன்றைச் சார்ந்துள்ளது என்பது விதியாகவே எழுதப்படும். ஆதலின் தலைமை இல்வழிச் சார்ந்தது தேர்வுப் பட்டியலில் தோன்றாது. ஃபிரீ பி.எஸ்.டி. கோப்பிலோ இவ்வறிவிற் பெரும்பகுதியை எழுதுவோனே தேடிப் பெறுதல் வேண்டும். அதற்குத் துணையாவன இரண்டு. கணினி தொடங்குங்கால் கெர்னல் தான் கண்ட கருவிகளை வரிசையாய்ச் சொல்லும். டிமெஸ்ஜ் என்னும் கட்டளையால் அதனைப் படிக்கலாம். பி.சி.ஐ. இணைப்பில் உள்ள கருவிகளைப் பி.சி.ஐ.கான்ஃப் என்னும் கட்டளை காட்டும். இவ்விரண்டையும் பாராது கோப்பு எழுதத் தொடங்குதல் கூடாது.

5. மூவகைப் பிழை

இக்கோப்பில் நேரும் பிழைகளை எழுத்துப் பிழை, தொடர்புப் பிழை, பொருட் பிழை என மூன்றாகப் பகுக்கலாம்.

எழுத்துப் பிழையாவது, தலைச்சொல்லையோ கருவியின் பெயரையோ பிழைபட எழுதுதல். கான்ஃபிக் தான் அறியாத சொல்லைக் கண்டவுடன் அதனை எடுத்துக்காட்டி நின்றுவிடும். இப்பிழையால் இழப்பு ஏதும் இல்லை.

தொடர்புப் பிழையாவது, மேற்கூறிய சார்பைப் பிறழ உணர்தல். இது கட்டுங்கால் வெளிப்படும். காலம் வீணாகும், ஆயினும் பழைய கெர்னல் ஊறின்றி இருத்தலின் கணினி பிழைத்திருக்கும்.

பொருட் பிழையே அஞ்சத்தக்கது. கோப்பின் எழுத்தும் குற்றமற்றது, தொடர்பும் குற்றமற்றது, கெர்னலும் இனிது கட்டப்பட்டது. ஆனால், இயங்குதளம் வைக்கப்பட்டுள்ள வட்டின் டிரைவரோ, அவ்வட்டின் கோப்பு முறையோ விடுபட்டது எனக் கொள்வோம். லோடர் அதனைத் தனி மாட்யூலாகக் கொணர்ந்தளித்தாலன்றி, புதிய கெர்னல் விழித்தெழுந்து, தன் மூலக் கோப்புமுறையைக் காணாது 'மவுன்ட்ரூட்' என்று வினவி நிற்கும். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாத வாக்கியம் பொருளற்று நிற்றல் போன்றது இது. முன்னை இரண்டு பிழைகளையும் கருவி கண்டுபிடிக்கும்; இதனை எழுதுவோன் அறிவே கண்டுபிடித்தல் வேண்டும்.

இதனினின்று கொள்ளத்தக்க விதி ஒன்றே: அறியாதது வேறு, வேண்டாதது வேறு. ஓர் அடியின் பொருள் நமக்கு விளங்கவில்லை என்பது அதனை நீக்குதற்குக் காரணமாகாது. ஏடு பெயர்த்தெழுதுவோன் தனக்கு விளங்காத சொல்லை விட்டெழுதினால் பாட்டுக் கெடும். ஈண்டுக் கணினி கெடும்.

6. பழையதைப் பேணுதல்

கோப்பு முடிந்தபின் 'பில்ட்கெர்னல்' என்னும் கட்டளையாற் கெர்னலைக் கட்டி, 'இன்ஸ்டால்கெர்னல்' என்னும் கட்டளையால் நிறுவுதல் வேண்டும். நிறுவுங்கால், முன்பிருந்த கெர்னல் அழிக்கப்படாது 'கெர்னல்.ஓல்ட்' என்னும் பெயரோடு வைக்கப்படும். புதியது எழாதாயின், லோடரின் துணைகொண்டு பழையதைத் தேர்ந்தெடுத்துக் கணினியை எழுப்பலாம்.

ஆயின் இதனை நம்பி வாளா இருத்தல் தகாது. குறையுள்ள கெர்னல் ஒன்றை நிறுவினோன், அதனைத் திருத்தியதாகக் கருதி இரண்டாவதையும் நிறுவுகின்றான். அப்போது முதலாவது குறைக் கெர்னலே 'ஓல்ட்' என்னும் இடத்தைப் பெறும். நன்கு இயங்கிய கெர்னல் மறைந்துபோம். இரண்டாவதும் எழாதாயின் திரும்பிச் செல்ல இடமில்லை. ஆதலின் நன்கு இயங்கும் கெர்னலை வேறொரு பெயரால் தனியே படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. அமைவுக் கோப்பையும் மூல நிரலுக்குப் புறம்பே காத்தல் நன்று. மூல நிரலை அழித்துப் புதுப்பிக்குங்கால் கோப்பும் உடன் அழிதல் கூடும்.

7. பயன்

நிற்க. நினைவகம் மலிந்த இக்காலத்து, ஜெனரிக் கெர்னலே பெரும்பாலார்க்குப் போதும். வேண்டும் டிரைவரை மாட்யூலாக வேண்டும்போது ஏற்றிக்கொள்ளலாம். பின்னர் இம்முயற்சி எற்றுக்கு எனின், கூறுதும். சிறு கருவிகளிற் பொருத்தப்படும் கணினிகளுக்கு நினைவகம் இன்றும் அளவுடையதே. கெர்னலின் அடிப்படையோடு பிணைந்த சில தன்மைகளை மாட்யூலாக ஏற்றல் இயலாது. மீளக் கட்டுதலே வழி. ஆக்குவோர் பயிற்சிப் பதிப்பிற் சேர்க்கும் பிழையாய்வுத் தன்மைகள் கெர்னலின் விரைவைக் குறைக்கும். அவற்றை விலக்குதற்கு 'ஜெனரிக்-நோடிபக்' என்றொரு கோப்பை அவரே பொது விதியைத் தழுவி எழுதி வைத்திருத்தலும் ஈண்டு அறியத்தக்கது.

இவற்றினும் மேலான பயன் ஒன்று உண்டு. நாள்தோறும் கையாளும் பொறி எவற்றைச் சார்ந்து நிற்கின்றது என்று ஒருமுறையேனும் அடி அடியாய்ப் படித்தவன், அது பழுதுறுங்கால் திகையான். எவ்விடத்து ஆராய்தல் வேண்டும் என்பதை அறிவான். 'இன்க்ளூட்_கான்ஃபிக்_ஃபைல்' என்னும் தன்மையைச் சேர்த்தால், கெர்னல் தன்னை ஆக்கிய கோப்பின் கூற்றுக்களைத் தன்னுள்ளே தாங்கியிருக்கும். பின்னர் எந்நாளிலும் அவற்றைக் கெர்னலினின்றே படித்தெடுக்கலாம். கோப்பைப் படிப்போர் எழுதினோனை அறியாதவராயும் இருத்தல் கூடும். அவர்க்கு விளங்குமாறு, விலக்கியதை ஏன் விலக்கினோம் என்று ஒவ்வோர் அடிக்கும் ஒரு வரி உரை எழுதி வைத்தல் கோப்பு எழுதுவோன் கடன்.